புதுத் துணியை வெட்டலாமா?

மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலின் கீழைக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபம் இருக்கிறது. திருமலை நாயக்கர் கட்டியது. பதினேழாம் நூற்றாண்டு மண்டபத்துக்கு இன்னமும் 'புது' என்ற பெயர் நீங்கவில்லை. அந்தக் கல் தூண்களுக்கு நடுவே பல தலைமுறைகளாகத் தையற்காரர்கள் மெஷினைப் போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து தைத்து வந்தார்கள். சாமி கும்பிட வந்த வெளியூர்க்காரர்கள் துணியைக் கொடுத்துவிட்டு, கடைவீதியைச் சுற்றிவிட்டு வந்து, தைத்ததை வாங்கிக்கொண்டு ரயிலேறுவார்கள். இப்போது அந்தக் கடைகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அது வேறு விஷயம். நான் சொல்ல வந்தது, அந்த மண்டபத்தில் இத்தனை காலமாக மெஷினை மிதித்த கால்களில் ஒன்றுகூடப் பொழுது போவதற்காக மிதித்திராது என்பதுதான்.

நம் நாட்டில் தையல் மெஷின் என்றால் பிழைப்பு. கணவனை இழந்தவளுக்கும், கைவிடப்பட்டவளுக்கும் அரசாங்கமே இலவசமாக ஒரு மெஷினைக் கொடுக்கிறது. அந்தத் திட்டத்துக்குச் சத்தியவாணிமுத்து அம்மையாரின் பெயரை வைத்திருக்கிறார்கள். கதை எழுதுகிற எங்களுக்கும் இது நன்றாகத் தெரியும். கதாநாயகிக்குக் கஷ்டகாலம் வந்தால், அடுத்த அத்தியாயத்தில் அவள் மூலையில் கிடந்த மெஷினைத் துடைத்து எண்ணெய் போடுவாள். நானே இரண்டு நாவல்களில் அப்படிப் போட்டிருக்கிறேன். வாசகர்கள் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆகையினால், "எனக்கு இதனால் வயிறு நிறைய வேண்டியதில்லை, உடம்பு மூட வேண்டியதும் இல்லை, ஆசையாக இருக்கிறது, தைக்கிறேன்" என்று ஒரு பெண் சொன்னால் அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று நமக்குத் தெரிவதில்லை. அவசியமும் இல்லாமல், வரும்படியும் இல்லாமல் ஒருவர் ஒரு வேலையில் மாதக் கணக்கில் ஈடுபடுவது நியாயமா? கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஒரு குடும்பத்தில் இது பெரிய கேள்வியாகி, என்னிடம் வழக்காகவே வந்தது.

என் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி நாற்பது வயதுக்கு மேல் தையல் கற்றுக்கொண்டாள். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் படிக்கப் போய்விட்டார்கள். கையில் கொஞ்சம் பொழுது மிஞ்சியது. முதலில் தலையணை உறை தைத்தாள். பிறகு மார்க்கெட்டுக்குப் போக இரண்டு பைகள், நாத்தனார் மகளின் குழந்தைக்கு ஒரு கவுன், மாமனார் விட்டுப்போன ஹார்மோனியப் பெட்டிக்கு ஓர் உறை. அதுவரையில் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஹார்மோனியத்தை வாசிக்கிறவர் இப்போது யாருமில்லை என்றாலும் உறை உறைதானே! சென்ற ஆண்டு அவள் ஒட்டுப் போர்வை தைக்க ஆரம்பித்தாள். அதில்தான் வந்தது வம்பு.

ஒட்டுப் போர்வையை இங்கிலீஷில் குவில்ட் என்பார்கள். பல நிறத் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று தைத்து மேல் விரிப்பாக்கி, அதன் கீழே மெல்லிய பஞ்சு அடுக்கு ஒன்றை வைத்து, அதற்கும் கீழே ஒரு முழுத் துணியைக் கொடுத்து, மூன்றையும் ஊடுருவி நூலோட்ட வேண்டும். அந்த நூலோட்டம் இல்லாவிட்டால் பஞ்சு ஒரு மூலைக்குப் போய்ச் சுருண்டுகொள்ளும். அவள் ஆறு அங்குலச் சதுரமாக 168 துண்டுகள் வெட்டினாள். ஒவ்வொரு துண்டிலும் நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும்; ஆறு அங்குலம் ஐந்தரை அங்குலமாகிவிடும். குறுக்கே 12, நெடுக்கே 14 என்று தைத்தால் 66 அங்குல அகலமும் 77 அங்குல நீளமும் உள்ள போர்வை.

இந்தக் கணக்கை எனக்குச் சொன்னவர் அவளுடைய கணவர். பாங்கியில் வேலை. வாங்கிய துணியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தையலுக்குள் மறைந்து போகிறது என்பதும் அவர் கண்டுபிடித்ததுதான். துணி, பஞ்சு, நூல் எல்லாம் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய். உழைப்பு ஐந்து மாதம். கடையில் ஆயிரம் ரூபாய்க்குள் நல்ல போர்வை கிடைக்கிறது. "அதுவும் போகட்டும், மச்சான். மதுரை வெயிலில் பஞ்சுப் போர்வையை யார் போர்த்திக்கொள்வது?" என்றார்.

அவருடைய தாயாரின் ஆட்சேபம் வேறு மாதிரி. அந்த அம்மாளுக்கு எண்பது வயது நெருங்குகிறது. "கிழிஞ்சதைத் தைக்கிறது சரி, தம்பி. கிழியாததைக் கிழிச்சுத் தைக்கிறாளே, அது என்ன நியாயம்?" என்று கேட்டார்.

இரண்டு ஆட்சேபங்களில் அம்மாளுடையதுதான் கனமானது என்று எனக்குப் பட்டது. அதன் பின்னால் ஒரு பழைய கஷ்டம் இருக்கிறது. யுத்த காலத்தில், 1943-இல், துணிக்குக் கட்டுப்பாடு வந்தது. அந்த அம்மாளின் தாயார் கன்ட்ரோல் துணிக்காகக் கால் கடுக்க நின்றவர். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு புடவைக்குப் பல ஜன்மங்கள் உண்டு. புடவையாக இருந்தது நைந்ததும் பாவாடையாகும், பிறகு தூளியாகும், பிறகு அடுப்படியில் பிடிதுணியாகும். வேட்டியானால் கடைசியில் விளக்குத் திரியாக எரிந்து கதி பெறும். கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் துணிதான் 'இனி என்னால் ஆகாது' என்று சொல்ல வேண்டும். வங்காளத்தில் காந்தா தைத்தவர்களும் அப்படித்தான். பழைய புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே அவற்றைத் தைத்துப் போர்வையாக்கினார்கள். நம்முடைய 'கந்தை'க்கும் அந்தக் 'காந்தா'வுக்கும் சொல் உறவு உண்டு. கந்தை போர்வையாவது அந்த அம்மாளுக்குப் புரியும். பட்டுப்போல் இருக்கும் புதுத் துணி கந்தையாவதுதான் அவருக்குப் புரியவில்லை.

ஆனால் புதுத் துணியை வெட்டச் சொன்னவர் ஒருவர் இருந்திருக்கிறார். அவர் சாமான்யமானவர் அல்ல. புத்தர் மகத நாட்டின் வழியே போகும்போது, வரப்பு வரப்பாகப் பிரிந்து கிடந்த நெல்வயல்களைக் கண்டு, பிக்ஷுக்களின் ஆடையை இந்த மாதிரி அமைக்க முடியுமா என்று ஆனந்தரைக் கேட்டதாக வினய பிடகம் சொல்கிறது. ஆனந்தர் அப்படியே அமைத்தார். அன்றிலிருந்து பௌத்தத் துறவியின் ஆடை துண்டு துண்டாக வெட்டி ஒட்டுப் போட்ட ஆடை. இல்லறத்தார் புதுத் துணியையே தானமாகக் கொடுத்தாலும் அதையும் வெட்டித்தான் தைக்க வேண்டும். வெட்டிய துணியின் மேல் திருடனுக்குக்கூட ஆசை வராது என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. ஆசையை அறுப்பதற்காக வெட்டியது அது. ஆனாலும் பாருங்கள், ஆசையை அறுக்க வந்தவர் அதற்கு ஒரு மாதிரியைத் தேடியபோது அவர் கண்ணில் பட்டது அழகான வயல்வெளி! துண்டுகளை எப்படியோ ஒட்டிக்கொள்ளுங்கள் என்று அவர் விட்டுவிடவில்லை.

என் தங்கை துறவி அல்ல. அவள் வெட்டியது ஆசையினால்தான். இருந்தாலும் வெட்டியதே பாவம் என்று சொல்வதற்கில்லை. அம்மாளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "புத்தருக்கென்ன, துணி வேறொருத்தர் கொடுத்தது" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பாங்கிக்காரரின் ஆட்சேபத்துக்கு வருகிறேன். அவருக்கு ஒரு பொருளின் நியாயம் அதன் உபயோகத்தில் இருக்கிறது. இல்லாவிட்டால் அதன் விலையில் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறோம். முதலில் அவசியம், பிறகு வசதி, கடைசியில் மிஞ்சினால் அழகு என்று ஒரு வரிசை வைத்திருக்கிறோம். ஏழைக்கு அழகு எதற்கு என்ற கேள்வியும் இந்த வரிசையில்தான் பிறக்கிறது.

இந்த வரிசை பொய் என்பதைக் கர்நாடகத்தில், வட கன்னட ஜில்லாக் காடுகளை ஒட்டி வாழும் சித்தி என்ற ஜனங்களிடம் பார்க்கலாம். ஆப்பிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியார் அவர்கள். பெரும்பாலும் கூலி வேலை. அங்குள்ள பெண்கள் பழந்துணிகளைக் கொண்டு கவந்தி என்ற போர்வையைத் தைக்கிறார்கள். ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே நடுவுக்கு வருவார்கள். தைத்து முடித்த பிறகு நான்கு மூலைகளிலும் மடித்த துணித் துண்டுகளைக் கூர்மையாக வைத்துத் தைப்பார்கள். அதற்குப் 'பூ' என்று பெயர். அதனால் குளிர் ஒரு துளியும் குறையாது. ஆனாலும் பூ இல்லாத கவந்தி அவர்களுக்கு அம்மணமான கவந்தி. கிழிந்த துணியைத் தவிர வேறு துணி இல்லாதவர்கள், அந்தக் கிழிசலிலிருந்தும் நான்கு துண்டுகளைப் பூவுக்கென்று ஒதுக்கி வைக்கிறார்கள். அப்படியானால் மிஞ்சிய பிறகு வருவதா அழகு?

இந்த இடத்தில் காந்திஜியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யந்திரங்களை அவர் எதிர்த்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். 1924-இல் ஒரு மாணவர் இதைப் பற்றிக் கேட்டபோது, சிங்கர் தையல் மெஷினுக்கு அவர் விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைச் சகிக்காமல் அன்பினால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்பது அவர் சொன்ன காரணம். 1851-இல் மெஷினுக்குப் பேடண்ட் வாங்கிய ஐசக் சிங்கரின் சரித்திரத்தைப் படித்தால் அவர் அவ்வளவு உத்தமமான கணவராகத் தெரியவில்லை. பல பெண்களோடு பல குடும்பம் நடத்தியவர். அது கிடக்கட்டும். காந்திஜியின் கருத்தில் தப்பில்லை. மெஷின் ஒரு பெண்ணுக்குப் பொழுதை மிச்சப்படுத்திக் கொடுத்தது. அந்த மிச்சப் பொழுது யாருக்குச் சொந்தம்? அவளுக்கா, வீட்டுக்கா? என் தங்கை வீட்டு வழக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது.

நடுவில் ஒரு சம்பவம் நடந்தது. போர்வை பாதியில் இருக்கும்போது, தெரிந்தவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு இருநூறு தாம்பூலப் பைகள் தைத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். கணவர் உற்சாகமாக ஒப்புக்கொண்டார். போர்வையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு அவள் மூன்று வாரம் பை தைத்தாள். எல்லாம் ஒரே அளவு, ஒரே மஞ்சள், ஒரே சிவப்புக் கரை. அந்த மூன்று வாரமும் வீடே அவளுக்கு வழிவிட்டது. இரவு பதினொரு மணிக்கு விளக்கு எரிந்தால் யாரும் மின்சாரக் கட்டணத்தைப் பற்றிப் பேசவில்லை. மாமியார் காய் நறுக்கிக் கொடுத்தார். கணவர் தாமே காப்பி கலந்து கொண்டுவந்து மெஷின் பக்கத்தில் வைத்தார். கல்யாணம் முடிந்து, பணமும் வந்த பிறகு, அவள் மறுபடி போர்வையை எடுத்தாள். காப்பி நின்றுவிட்டது.

இதை அவள் என்னிடம் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருஷமாக அந்த வீட்டில் அவள் செய்த வேலைகளை எண்ணிப் பார்த்தேன். சமைத்தது அன்றே தீர்ந்துவிட்டது. பெருக்கிய தரை மறுநாள் குப்பையாகிவிட்டது. துவைத்தது அழுக்காகிவிட்டது. செய்து முடித்தேன் என்று சுட்டிக்காட்ட ஒன்றுமில்லாத உழைப்பு அது. எங்களைப்போல் எழுதுகிறவர்களுக்கு அந்தத் துக்கம் தெரியாது; நாங்கள் எழுதியதை அச்சுப் போட்டுக் கொடுக்கிறார்கள், வேண்டுமானால் அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். முதல் தடவையாக அவள் நாற்பது வயதில், நேற்று விட்ட இடத்தில் இன்று தொடங்கக்கூடிய ஒரு வேலையைக் கண்டுபிடித்திருக்கிறாள். அதற்குத்தான் இந்த வீடு கணக்குக் கேட்கிறது.

அதற்காகப் பணத்தை இழிவாகப் பேசுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவில் அலபாமா ராஜ்யத்தில் ஓர் ஆற்று வளைவில் ஜீஸ் பெண்ட் என்ற கிராமம் இருக்கிறது. அடிமைகளாக இருந்த நீக்ரோக்கள் என்று அக்காலத்தில் எழுதுவார்கள். கறுப்பின மக்கள் என்று இப்போது மரியாதையாகச் சொல்கிறோம். அந்த அடிமைகளின் வாரிசுகள் அங்கே வாழ்கிறார்கள். பழைய பண்ணை முதலாளியின் பெயரான பெட்வே என்பதே இன்னமும் பலருடைய குடும்பப் பெயர். 1932-இல் கடன் கொடுத்த வியாபாரியின் வாரிசுகள் வந்து ஏர், மாடு, தானியம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனார்கள். 1962-இல், கறுப்பர்கள் ஆற்றைக் கடந்து வந்து வாக்காளராகப் பதிவு செய்ய முயன்ற சமயத்தில், படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2006 வரையில் அது திரும்ப வரவில்லை. அந்த ஊர்ப் பெண்கள் குளிருக்காக, கிழிந்த துணிகளைக் கொண்டு போர்வை தைத்தார்கள்.

1966-இல் ஒரு பாதிரியாரின் முயற்சியால் அந்த வட்டாரத்துப் பெண்கள் கூட்டுறவாகச் சேர்ந்து போர்வைகளை விற்கத் தொடங்கினார்கள். நியூயார்க்கிலிருந்து ஆர்டர்கள் வந்தன. பணம் வந்தது, வீட்டுக்குச் சாமான் வந்தது, சிலருக்குக் கையில் சொந்தமாகக் காசு பார்த்ததே அப்போதுதான். இது நல்ல காரியமில்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் கடைக்காரர்களுக்கு எல்லாம் ஒரே அளவில், ஒரே மாதிரியில் இருக்க வேண்டும். 1972-இல் சியர்ஸ் என்ற பெரிய கம்பெனி கார்டுராய்த் துணியில் தலையணை உறைகள் தைக்க ஆர்டர் கொடுத்தது. பெண்கள் பகலில் அந்த உறைகளை அளவு பிசகாமல் தைத்தார்கள். மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தத் துண்டுகளை வைத்து, யாரும் கேட்காத மாதிரியில், தங்கள் மனம் போனபடி தங்களுக்கென்று போர்வை தைத்தார்கள். 2002-இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் அந்த ஊர்ப் போர்வைகளைச் சுவரில் தொங்கவிட்டுக் கண்காட்சி நடத்தினார்கள். பெரிய ஓவியங்களைப் பார்ப்பதுபோல் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். சுவருக்கு வந்தவற்றில் அந்தக் கார்டுராய்ப் போர்வைகளும் உண்டு. தலையணை உறைகளைத் தேடி யாரும் வரவில்லை.

அதே கை, அதே துணி. ஏன் ஒன்று உறையாகவே நின்றுவிட்டது, மற்றொன்று அவ்வளவு தூரம் போயிற்று? திறமையினால் அல்ல, உறையிலும் அதே திறமைதான் இருந்தது. உறை தைக்கும்போது, 'இந்தச் சிவப்பை இங்கே வைக்க எனக்கு இஷ்டமில்லை' என்று ஒருத்தி சொல்ல முடியாது. தைத்தது பிடிக்காவிட்டால் பிரித்துவிட்டு வேறு விதமாகத் தைக்கவும் முடியாது. போதும் என்று நிறுத்த முடியாது. இன்னும் ஒரு வரிசை என்று நீட்டவும் முடியாது. பிரிப்பதற்கு உரிமை இருக்கிறதா, இல்லையா என்பதில்தான் இந்த இரண்டு தையலும் வேறாகின்றன என்று நான் நினைக்கிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஒருத்தி நாள் முழுவதும் கை மட்டும் வைப்பாள், இன்னொருத்தி கழுத்துப்பட்டி மட்டும். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவளுக்குப் பிரிப்பதென்றால் கூலி போயிற்று என்று அர்த்தம். 2013 ஏப்ரல் 24-ஆம் தேதி டாக்காவுக்கு அருகே சாவரில் ராணா பிளாஸா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து ஆயிரத்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலோர் ஆயத்த ஆடை தைத்த தொழிலாளர்கள். சுவரில் விரிசல் முந்தின நாளே தெரிந்தது. பயந்தார்கள். மறுநாள் உள்ளே போகச் சொன்னார்கள், போனார்கள். 'இன்று தைக்கவில்லை' என்று சொல்லும் சக்தி அவர்களுக்கு இருந்திருந்தால் உயிர் பிழைத்திருப்பார்கள்.

இதைச் சொன்னவுடன் ஒரு சங்கடமும் கூடவே வருகிறது. என் தங்கை ஆயிரம் ரூபாய்ப் போர்வையை வாங்காமல், மூவாயிரம் ரூபாய்ப் போர்வையை மனம்போல் பிரித்துப் பிரித்துத் தைக்கிறாள் என்றால், அவள் வெட்டும் அந்தத் துணி எங்கோ ஒருத்தி நிறுத்த முடியாமல் நின்று வேலை செய்ததால் அந்த விலைக்குக் கிடைக்கிறது. ஒருத்தியின் பொழுதுபோக்கு இன்னொருத்தியின் பொழுதிலிருந்து வருகிறது. வாஸ்தவம். இதற்காக என் தங்கை தைப்பதை நிறுத்திவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்குமா என்றால் கிடைக்காது. கடைப் போர்வையிலும் அதே கைகள்தான் இருக்கின்றன. அதை வாங்குகிறவருக்கு அந்த ஞாபகம்கூட வருவதில்லை. ஒரு சதுரத்தைத் தைக்க எவ்வளவு நேரமாகும் என்று தன் விரலால் அறிந்தவள், மூன்னூறு ரூபாய்க்குச் சட்டை விற்கிறதைப் பார்த்தால் கொஞ்சம் திடுக்கிடவாவது செய்வாள். என் தங்கை திடுக்கிட்டாள். "இதில் தைத்தவளுக்கு என்ன கிடைச்சிருக்கும், அண்ணா?" என்று கடையில் நின்றுகொண்டே கேட்டாள். அவள் கணவர் அந்தச் சட்டையை மலிவு என்று மூன்று வாங்கினார்.

ஜீஸ் பெண்டில் 1942-இல் தைத்த போர்வை ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிஸ்ஸூரி பெட்வே என்ற பெண்ணின் கணவன் இறந்துபோனான். அவன் வயலில் வேலை செய்யும்போது போட்டுக்கொண்ட உடுப்புகளை எல்லாம் எடுத்து, பெரிய மகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவள் கிழித்தாள். நைந்த கால்சட்டை, வெளுத்த சட்டை. அவற்றைப் போர்வையாகத் தைத்து, அவனை நினைத்துக்கொண்டு அதைப் போர்த்திக்கொள்ளப் போவதாக அவள் சொன்னதை, அந்த மகள் பிற்காலத்தில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள். 2002 கண்காட்சியில் அதுவும் இருந்தது. குளிருக்கு வேண்டியிருந்த போர்வைதான் அது. ஆனால் குளிருக்கு என்றால் வேறு கந்தல்களும் வீட்டில் இருந்திருக்கும். பாங்கிக்காரரின் கணக்குப் புத்தகத்தில் இந்தப் போர்வையை எந்தப் பத்தியில் எழுதுவது? அவசியச் செலவிலா, ஆடம்பரத்திலா? அவரிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அது பழந்துணி, மச்சான்" என்றார்.

ஆகவே வழக்கில் என் தீர்ப்பு தங்கையின் பக்கம்தான். ஆனால் முழுக்க அல்ல. மறுநாள் அவள் தன் துணிப் பெட்டியைத் திறந்து காட்டினாள். பழைய டிரங்குப் பெட்டி. அதற்குள் கட்பீஸ் கட்பீஸாக, மடிப்புக் கலையாமல், இதுவரை கத்தரி படாத துணி. சுங்குடி, களம்காரி, பூப்போட்ட வாயில். பார்த்ததும் பிடித்தது, வாங்கிவிட்டேன் என்றாள். அடியில் இருந்த சிலவற்றில் விலைச் சீட்டுக்கூடப் பிய்க்கப்படவில்லை. மாமியார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வெட்டியதற்காக மருமகளைக் கோபித்த அந்த அம்மாள், வெட்டாத இந்தப் பெட்டியைப் பார்த்து, "நல்லா வச்சிருக்கா, பாருங்க" என்று பெருமையாகச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான். ஐந்து மாதம் உழைத்து 168 துண்டு வெட்டியதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. யாரோ நூற்று, யாரோ நெய்து, யாரோ சாயத்தில் கை வைத்து முக்கியெடுத்த துணி, இருட்டில் மடித்த மடிப்பிலேயே இற்றுப்போகக் காத்திருக்கிறது. "இது தீருகிற வரையில் புதுசாக ஒரு கஜம்கூட வாங்காதே" என்றேன். அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. பிறகு பெட்டிக்குள் கையை விட்டு, ஒரு மஞ்சள் சுங்குடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதை எப்படி அண்ணா வெட்டறது?" என்றாள்.